பயணச்சீட்டின் மறுபாதியை யார் கட்டுவது?



ரயில் பயணச்சீட்டுகளில் சில ஆண்டுகளாக ஒரு வரி அச்சாகி வருகிறது. பயணத்துக்கு ஆகும் செலவில் சராசரியாக 57 சதவிகிதத்தைத்தான் ரயில்வே பயணியிடமிருந்து பெறுகிறது என்பது அதன் செய்தி. 2022-23ஆம் ஆண்டுக் கணக்குப்படி பயணிகளுக்குத் தந்த சலுகை 56,993 கோடி ரூபாய் என்றும், நூறு ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம் என்றும் ரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். மீதி 46 ரூபாய் எங்கிருந்து வருகிறது, அதை யார் கட்டுகிறார்கள், கட்டுவது நியாயம்தானா என்ற மூன்று கேள்விகளும் இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்புக்குள் அடங்கும். போக்குவரத்துக்குத் தேசிய அரசு மானியம் தரலாமா என்பது தலைப்பு. தர வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் இன்று அது தரப்படும் முறையில் பெரிய கோளாறு இருக்கிறது. ஏழை எளியவர்கள் மிகுதியாக ஏறும் பேருந்துக்கு ஒன்றிய அரசு மிகக் குறைவாகத் தருகிறது. வசதியுள்ளவர்களின் பயணத்துக்குத் தாராளமாகத் தருகிறது. ரயிலுக்குத் தருவதையும் வெளிப்படையாகத் தருவதில்லை. இதைச் சான்றுகளோடு உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். மானியமே இல்லாமல் தன் காலில் நிற்கும் போக்குவரத்து ஒன்று எங்கோ இருப்பதாகவும், அரசு தலையிட்டுத்தான் அதைக் கெடுத்ததாகவும் பலர் நினைக்கிறார்கள். வரலாற்றில் அப்படி எதுவும் இல்லை. இந்தியாவின் முதல் ரயில் பாதைகளைப் போட்டவை லண்டனில் பங்கு திரட்டிய தனியார் நிறுவனங்கள். அவற்றோடு 1849இல் கிழக்கிந்தியக் கம்பெனி செய்துகொண்ட ஒப்பந்தம், போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவிகித வட்டி உறுதி என்றது. ரயில் லாபம் ஈட்டினாலும் ஈட்டாவிட்டாலும் அந்த வட்டி போய்ச்சேர வேண்டும்; குறைந்தால் இந்திய வருவாயிலிருந்து ஈடுகட்ட வேண்டும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயிலை ஓட்டிய மதராஸ் ரயில்வே நிறுவனமும் இந்த உறுதியின் பேரில்தான் பாதை போட்டது. அந்த நாளில் அரசு வருவாயின் பெரும்பகுதி நிலவரி. ஆகவே ரயிலையே பார்த்திராத உழவரின் வரிப்பணம் கடல் கடந்த பங்குதாரரின் வட்டிக்குப் போனது. இதுவும் போக்குவரத்து மானியம்தான். பயணிக்குப் போகாமல் முதலாளிக்குப் போன மானியம்.

தனியார் தொழிலின் தாயகம் என்று சொல்லப்படும் அமெரிக்காவையும் பாருங்கள். 1956இல் அங்கே மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைகளைப் போடத் தனி நிதியம் ஒன்றை ஏற்படுத்தினார்கள். பெட்ரோல் வரியே சாலைக்குப் போதும், பொதுக் கருவூலத்தைத் தொட வேண்டாம் என்பது திட்டம். கேலன் ஒன்றுக்கு 18.4 சென்ட் என்ற அந்த வரி 1993க்குப் பிறகு உயரவே இல்லை. சாலைச் செலவோ ஏறிக்கொண்டே போனது. 2008 முதல் பொதுக் கருவூலத்திலிருந்து அந்த நிதியத்துக்கு மாற்றப்பட்ட தொகை 25,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. கார் வைத்திருப்பவர் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறார், ரயிலும் பேருந்தும் மட்டும் பிறர் தயவில் ஓடுகின்றன என்ற பேச்சு அந்த நாட்டிலேயே எடுபடாமல் போயிற்று.

நம் நாட்டில் வாகன உரிமையாளர்கள் இதற்கு ஒரு மறுப்பு வைத்திருக்கிறார்கள். சாலை வரி கட்டுகிறோம், சுங்கச்சாவடியில் கட்டுகிறோம், பெட்ரோல் விலையில் பெரும்பங்கு வரியாகவே போகிறது, நாங்கள் கட்டுவது சாலைக்கு ஆவதைவிட அதிகம் என்கிறார்கள். எரிபொருள் வரி கடுமையானது என்பது உண்மை. ஆனால் அதே வரியைப் பேருந்தின் டீசலும் கட்டுகிறது. நகரத்துத் தெருவில் நாள் முழுதும் நிற்கும் காருக்கு அந்த இடத்துக்கான வாடகை பெரும்பாலும் வசூலிக்கப்படுவதில்லை. புகைக்கும் நெரிசலுக்கும் விலை போடப்படுவதில்லை. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது ஒன்றிய அரசின் புள்ளிவிவரம். அந்தக் குடும்பங்கள் சுமக்கும் இழப்பு எந்தச் சுங்கச்சாவடிக் கணக்கிலும் ஏறாது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கார் வைத்திருந்த குடும்பங்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. வேளாண்மை அல்லாத வேலைக்குச் செல்வோரில் நடந்தே செல்பவர்கள் ஐந்தில் ஒருவருக்கு மேல். நடைபாதையை அகற்றிச் சாலையை அகலப்படுத்தும்போது எவருடைய இடம் எவருக்குக் கொடுக்கப்படுகிறது என்பதையும் மானியக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பேருந்தை ஒன்றிய அரசு எப்படிக் கருதுகிறது என்பதற்கு நான் அறிந்தவற்றில் மிகத் தெளிவான சான்று 2013 ஜனவரியில் நடந்தது. அப்போது டீசல் விலையை அரசு கட்டுப்படுத்தி மானிய விலையில் விற்று வந்தது. மானியச் சுமையைக் குறைக்க ஒரு முடிவெடுத்தார்கள். மொத்தமாக வாங்குவோருக்கு மானியம் கிடையாது, சந்தை விலைதான். சில்லறையாகப் பங்க்கில் நிரப்புவோருக்கு மானியம் தொடரும். மொத்தமாக வாங்குவோர் பட்டியலில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இருந்தன. ஒரே நாளில் அவற்றுக்கு லிட்டருக்குச் சுமார் 11 ரூபாய் கூடியது. சொகுசு டீசல் கார் பங்க்கில் மானிய விலைக்கு நிரப்பிக்கொண்டது. அறுபது எழுபது பேரை ஏற்றிச் செல்லும் அரசுப் பேருந்துக்கு மானியம் மறுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அரசுப் பேருந்துகள் தம் பணிமனையில் நிரப்புவதை விட்டு வெளியே பங்க்குகளில் போய் வரிசையில் நின்றன. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடே நீங்கியது. ஆனால் 2022 மார்ச்சில் உலகச் சந்தையில் விலை ஏறியபோது அதே கதை மறுபடி நடந்தது. பங்க்கில் விலையை நிறுத்தி வைத்துவிட்டு மொத்த விலையை லிட்டருக்கு 25 ரூபாய் ஏற்றினார்கள். கேரளப் போக்குவரத்துக் கழகம் நீதிமன்றத்தை நாடியது. இரண்டு முறையும் ஆட்சியிலிருந்தவை வெவ்வேறு கட்சிகள். இரண்டு முறையும் பேருந்துப் பயணி அவர்கள் கணக்கில் இல்லை.

இனி, மானியம் ஏன் தேவை என்பதன் பொருளாதாரக் காரணத்துக்கு வருகிறேன். 1844இல் பிரான்சில் பொதுப்பணிப் பொறியாளராக இருந்த ஜூல் துபுய் பாலங்களைப் பற்றி எழுதினார். பாலம் கட்டி முடிந்த பிறகு ஒருவர் கூடுதலாக நடந்து போவதால் எவருக்கும் செலவு இல்லை. ஆனால் கட்டணத்தைப் பார்த்து அவர் திரும்பிப் போனால் அவர் அடைந்திருக்க வேண்டிய பயன் போய்விடுகிறது. அதனால் எவருக்கும் ஒரு காசும் மிச்சமாவதில்லை. 1938இல் பொருளியலாளர் ஹரால்டு ஹோட்டலிங் இதை ரயிலுக்கு விரித்தார். பாதையும் பாலமும் நிலையமும் நிலையான செலவு. ஒரு பயணி கூடுவதால் ஆகும் செலவு மிகச் சிறியது. கட்டணம் அந்தச் சிறிய செலவை ஒட்டி இருக்கட்டும், நிலையான செலவைப் பொது வரி ஏற்கட்டும் என்றார். 1972இல் இன்னொரு பொருளியலாளர் ஹெர்பர்ட் மோரிங் பேருந்தை எடுத்துக்கொண்டார். பயணிகள் கூடினால் அதே வழித்தடத்தில் இன்னொரு பேருந்து விட முடியும். விட்டால் எல்லோருடைய காத்திருப்பும் குறையும். ஆக, பேருந்தில் ஏறும் ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கு நன்மை செய்கிறார். காரில் ஏறும் ஒவ்வொருவரும் மற்றவர்களின் வழியை நெருக்குகிறார். சந்தை இந்த இரண்டுக்கும் சரியான விலை போடாது. மணிக்கு ஒரு பேருந்து என்றிருந்த ஊருக்கு அரைமணிக்கு ஒன்று வந்தால் அங்குள்ளவர்கள் எந்த வேலைக்குப் போகலாம், எந்தக் கல்லூரியில் சேரலாம் என்பதே மாறிவிடும். அந்த மாற்றத்தின் பயனை நடத்துநர் பையில் வசூலித்துவிட முடியாது.

மானியத்தையும் ஒழுங்குமுறையையும் விலக்கினால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டன் செய்தே பார்த்துவிட்டது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1986 அக்டோபர் முதல் லண்டனுக்கு வெளியே பேருந்துகளை யார் வேண்டுமானாலும் எந்த வழித்தடத்திலும் ஓட்டலாம் என்றாயிற்று. போட்டி வந்தால் கட்டணம் குறையும், பயணிகள் கூடுவார்கள் என்றார்கள். லண்டனில் மட்டும் வழித்தடத்தையும் கட்டணத்தையும் பொது அமைப்பே தீர்மானித்தது. ஓட்டுவதற்குத் தனியாரை ஒப்பந்தத்தில் அமர்த்தியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் லண்டன் பேருந்துப் பயணங்கள் ஏறத்தாழ இரு மடங்காயின. மற்றப் பெருநகரப் பகுதிகளில் பாதியாகத் தேய்ந்தன. லண்டனில் மக்கள்தொகை பெருகியது, 2003 முதல் நகரின் மையத்தில் கார்களுக்கு நெரிசல் கட்டணம் வந்தது, அரசின் பணமும் அங்கே அதிகம் என்பவற்றையும் சொல்லியாக வேண்டும். அப்படியிருந்தும் வேறுபாடு மிகப் பெரியது. மான்செஸ்டர் 2023 செப்டம்பரில் தொடங்கித் தன் பேருந்துகளை மீண்டும் பொதுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. கொள்கைப் பிடிவாதத்தைவிட அனுபவம் பெரிது என்பதை அந்த நகரம் ஒப்புக்கொண்டது என்றே நான் படிக்கிறேன்.

நம் மாநிலத்தின் சான்று இதைவிட அண்மையானது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். மாநிலத் திட்டக்குழு நடத்திய ஆய்வு, பயன்பெறும் பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று கண்டது. மாதம் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ஈட்டும் ஒருவருக்கு இது சிறு தொகை இல்லை. அதைவிட முக்கியமாக நான் கருதுவது, வீட்டில் எவரிடமும் காசு கேட்காமல் ஒரு பெண் பேருந்தில் ஏறிவிட முடிகிறது என்பதை. டெல்லி 2019இலேயே தொடங்கியது; பின்னர் பஞ்சாப், கர்நாடகா, தெலங்கானா, ஆந்திரா என்று இது பரவிவிட்டது. வெவ்வேறு கட்சிகள் ஆளும் மாநிலங்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. இதற்காகத் தமிழ்நாட்டு அரசு 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய தொகை 3,600 கோடி ரூபாய். அதில் ஒன்றிய அரசின் பங்கு இல்லை.

அரசமைப்பு அப்படித்தானே வகுத்திருக்கிறது என்பது அடுத்த மறுப்பு. ரயில், விமானம், தேசிய நெடுஞ்சாலை ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. உள்ளூர்ச் சாலையும் பேருந்தும் மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே அந்த மானியமும் மாநிலத்தின் பாடு என்கிறார்கள். பொறுப்பு மாநிலத்துடையது என்றால் வருவாயும் மாநிலத்துக்கு வர வேண்டும். டீசலுக்கு ஒன்றிய அரசு விதிக்கும் தீர்வையில் மாநிலங்களோடு பகிரப்படுவது அடிப்படைத் தீர்வை மட்டுமே. 2021 பிப்ரவரி முதல் அது லிட்டருக்கு 1.80 ரூபாய். மீதியெல்லாம் சிறப்புத் தீர்வை, மேல்வரி என்ற பெயர்களில் டெல்லியிலேயே தங்கிவிடுகிறது. மாநில அரசும் தன் மதிப்புக் கூட்டு வரியைத் தன் பேருந்தின் டீசலுக்கே விதிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதுவும் மாற வேண்டியதே. 1950ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டமே ஒன்றிய, மாநில அரசுகள் இரண்டும் முதலீடு தர வழி வைத்தது. மெட்ரோ ரயிலும் நகருக்குள் ஓடுவதுதான். அதற்கு ஒன்றிய அரசு பங்கு தருகிறது. 2024 அக்டோபரில் சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு, 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு, நீண்ட இழுபறிக்குப் பின் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தண்டவாளத்தில் ஓடினால் தேசியப் பொறுப்பு, அதே தெருவில் டயரில் ஓடினால் மாநிலப் பொறுப்பு என்ற பிரிவினைக்கு நியாயம் கிடையாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூரில் வேலை செய்யும் தொழிலாளி நகரப் பேருந்தில் போகிறார். அவர் அனுப்பும் பணம் அங்கே குடும்பம் நடத்துகிறது. அவர் உழைப்பில் விளைந்த ஏற்றுமதி நாட்டுக்கு அந்நியச் செலாவணி. அந்தப் பேருந்தை உள்ளூர் விஷயம் என்று ஒதுக்குவது எப்படிப் பொருந்தும்?

ஒன்றிய அரசு பேருந்துக்கு எதுவுமே தரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2023 ஆகஸ்டில் பத்தாயிரம் மின்சாரப் பேருந்துகளுக்கான திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். அதில் ஒன்றியத்தின் பங்கு 20,000 கோடி ரூபாய், பல ஆண்டுகளுக்குப் பரவியது. தமிழ்நாட்டின் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் மட்டும் வைத்திருக்கும் பேருந்துகள் ஏறத்தாழ இருபதாயிரம். நாடு முழுமைக்கும் அறிவித்தது அதில் பாதி. 2025-26இல் ரயில்வேயின் மூலதனத்துக்கு 2.52 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கிய கருவூலம் இது. நெடுஞ்சாலை அமைச்சகத்துக்கு அதைவிடக் கூடுதலாகவே ஒதுக்கீடு. அவை வீண் என்பது என் வாதமில்லை. ரயில்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் போய் இறங்குகிறவர் அங்கிருந்து வீடு போய்ச்சேர என்ன செய்வார் என்பதற்கு அந்தக் கணக்கில் விடையில்லை என்பதுதான்.

ரயிலுக்கு வருவோம். முதலில் கேட்ட கேள்வியை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும்: அந்த 46 ரூபாய் எங்கிருந்து வருகிறது? பொதுக் கருவூலத்திலிருந்து என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி சரக்குக் கட்டணத்திலிருந்து வருகிறது. சரக்கில் கிடைக்கும் உபரியைப் பயணிகள் பிரிவின் நட்டத்தில் ஊற்றுகிறார்கள் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆண்டுதோறும் எழுதி வருகிறார். ரயில் ஏற்றும் சரக்கில் எடைக்கணக்கில் பாதிக்கு அருகே நிலக்கரி. கரிக்குக் கூடுதல் கட்டணம் வாங்கினால் அது மின்சார விலையில் ஏறும். ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்திலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் வரும் கரியில் எரியும் விளக்குக்குக் கட்டணம் கட்டுபவர்தான், தான் ஏறாத ரயிலின் மானியத்தையும் கட்டுகிறார்.  இதன் இன்னொரு விளைவு இன்னும் மோசமானது. ரயில் கட்டணம் ஏற ஏறச் சரக்கு லாரிக்கு மாறியது. விடுதலைக்குப் பிந்திய ஆண்டுகளில் நாட்டின் சரக்கில் 85 சதவிகிதத்துக்கு மேல் ரயிலில் போனது. இப்போது 30 சதவிகிதத்துக்கும் கீழே. டீசல் இறக்குமதி, நெடுஞ்சாலை விபத்து, காற்று மாசு எல்லாவற்றிலும் நாம் அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். 2017இல் ரயில்வே வரவு செலவுத் திட்டம் பொதுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டபோது இதைச் சீராக்க நல்ல வாய்ப்பு வந்தது. பயணிகளுக்கு இன்ன வகையில் இவ்வளவு மானியம், அதைக் கருவூலம் தருகிறது என்று ஒரு தலைப்பைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

மறைவில் தரும் மானியத்தை மறைவிலேயே எடுத்துக்கொள்ளவும் முடியும். 2020இல் பெருந்தொற்றை ஒட்டி மூத்த குடிமக்களின் கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டது. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவிகிதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவிகிதமும் இருந்த சலுகை அது. தொற்று போய் ஆண்டுகள் பல கடந்தும் திரும்பவில்லை. பாசஞ்சர் ரயில்களைச் சிறப்பு விரைவு ரயில்கள் என்று பெயர் மாற்றி ஓட்டியதால் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. அந்த ரயில்களில் குறைந்த தூரம் அன்றாடம் போய்வருகிற கூலித் தொழிலாளிகள் மூன்று மடங்கு கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில்தான் அது பழைய நிலைக்கு வந்தது. மாறாக, நேர்மையாக மேடையேறிக் கட்டணத்தை உயர்த்தியவர்களுக்கு என்ன நேர்ந்தது? 2012 மார்ச்சில் ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி தன் வரவு செலவுத் திட்டத்தில் சிறிய உயர்வை அறிவித்தார். சில நாட்களில் பதவி போனது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்த பேருந்துக் கட்டணத்தை 2018 ஜனவரியில் ஒரேயடியாக ஏற்றினார்கள்; மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், ஒரு வாரத்தில் கொஞ்சம் குறைத்தார்கள், அதன் பிறகு எவரும் அந்தப் பக்கம் போகவில்லை. கட்டணம், செலவு, மானியம் மூன்றும் ஆண்டுதோறும் மக்கள் கண்முன் ஒரே தாளில் இருந்தால் இந்த அச்சத்துக்கும் இந்த ஒளிவுக்கும் இடமிருக்காது.

மானியத்தை எதிர்ப்பவர்களில் மதிக்கத்தக்க வாதத்தை வைத்தவர் பொருளியலாளர் ரொனால்டு கோஸ். 1946இல் அவர் ஹோட்டலிங்குக்கு மறுமொழி எழுதினார். செலவை மக்கள் கட்டவே வேண்டியதில்லை என்றால், அந்தப் பாலம் கட்டத் தகுந்ததுதானா என்பதை எப்படி அறிவது என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒன்றிய அரசின் உடான் திட்டத்தை வைத்துப் பார்த்தால் அவர் கேள்வியின் கூர்மை தெரியும். சிறு நகரங்களுக்கு விமானம் விட 2016இல் தொடங்கிய திட்டம் இது. ஒரு மணி நேரப் பறத்தலுக்குப் பாதி இருக்கைகள் 2,500 ரூபாய்க்கு. நட்டத்தை அரசும் மற்ற விமானப் பயணிகளிடம் பெறும் தீர்வையும் ஈடுகட்டும். முதல் மூன்று சுற்றுகளில் வழங்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை என்றும், தொடங்கிய 371இல் மூன்றாண்டுக் காலத்தை முடித்தவை 112 என்றும், 2023 மார்ச் வரை மானியக் காலம் கடந்தும் ஓடியவை 54 என்றும் தணிக்கையாளரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. நம் சேலத்தில் 2018இல் வந்த விமானம் 2021இல் நின்று 2023இல்தான் மறுபடி வந்தது. ஆகவே கோஸின் எச்சரிக்கையை நான் ஏற்கிறேன். புதிதாக ஒன்றைக் கட்டுமுன், அதை எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்ற சோதனை கடுமையாக இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சோதனையில் முதலில் தேறுவது பேருந்துதான். கூட்டம் நெருக்கித் தள்ளும் வழித்தடத்துக்குத் தேவை உண்டா என்று தனியாக ஆய்வு நடத்த வேண்டியதில்லை.

மானியம் நிர்வாகத்தைச் சோம்பேறியாக்கும் என்ற குற்றச்சாட்டையும் தட்டிக்கழிக்க முடியாது. நம் போக்குவரத்துக் கழகங்களின் நிலை எல்லோருக்கும் தெரியும். வயதான பேருந்துகள், ஓய்வு பெற்ற ஓட்டுநர், நடத்துநர்களுக்குப் பல ஆண்டுகள் நிலுவையில் கிடக்கும் பலன்கள், ஏறிக்கொண்டே போகும் கடன். இதற்குக் காரணம் மானியம் கிடைத்தது என்பதைவிட, அது கிடைத்த விதம் என்று நான் நினைக்கிறேன். கட்டணத்தை அரசு நிறுத்தி வைக்கும், நட்டம் வரும், கடன் வாங்கி ஓட்டச் சொல்லும், கழுத்தை நெரிக்கும் நேரத்தில் கொஞ்சம் பணம் தரும். முன்கூட்டித் தெரியாத பணத்தை வைத்து எந்த நிர்வாகமும் புதுப் பேருந்துக்குத் திட்டமிட முடியாது. இவ்வளவு கிலோமீட்டர், இத்தனை நிமிடத்துக்கு ஒரு பேருந்து, இன்ன நேரத்தில் முதல் வண்டி, இன்ன நேரத்தில் கடைசி வண்டி என்று எழுதி, அதை நிறைவேற்றினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஆண்டின் தொடக்கத்திலேயே உறுதி தந்தால் அது வேறு விதமான மானியம். லண்டனில் நடப்பது அதுதான். 2025இல் சென்னையில் ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகளுக்குத் தனியாருக்குக் கிலோமீட்டர் கணக்கில்தான் பணம் தருகிறார்கள். தனியாருக்குத் தரும் இந்த உறுதியை அரசின் சொந்தக் கழகத்துக்கும் தந்துவிட்டுப் பிறகு அதன் திறமையை அளப்பதே நேர்மை.

எல்லாவற்றையும் இலவசமாக்கிவிடலாமா? லக்சம்பர்க் 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதும் பேருந்து, டிராம், ரயிலை இலவசமாக்கியது. ஆறேழு லட்சம் மக்கள் வாழும் செல்வச் செழிப்பான நாடு அது. எஸ்தோனியாவின் தாலின் நகரம் 2013இல் தன் குடிமக்களுக்கு இலவசமாக்கியபோது முதலாண்டு ஆய்வுகள் பயணிகள் சிறிதளவே கூடியதாகக் கண்டன. ஏற்கெனவே பேருந்து மலிவாக இருந்த ஊரில் விலை தடையாக இருந்ததில்லை. நம் ஊரிலும் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு பெண்கள் சொல்லும் முதல் குறை, சாதாரணக் கட்டண வெள்ளைப் பலகைப் பேருந்து போதவில்லை, அடுத்தடுத்து டீலக்ஸ் பேருந்தாக வருகிறது என்பது. ஆகவே கையில் இருக்கும் பணம் அளவானது என்றால் அதைக் கூடுதல் பேருந்துகளுக்கும், அதிகாலை, பின்னிரவு ஓட்டங்களுக்கும் முதலில் செலவிட வேண்டும். இலவசம் தேவைப்படுபவர்களுக்கு இருக்கட்டும். மானியத்தைப் பேருந்துக்குத் தராமல் ஏழைகளின் வங்கிக் கணக்கில் போட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். கணக்கில் ஆயிரம் ரூபாய் இருந்தாலும் ஊருக்கு வராத பேருந்தில் ஏற முடியாது. தனி மனிதரின் பணத்தால் ஒரு வழித்தடத்தை உண்டாக்க இயலாது. அது கூட்டாக மட்டுமே வாங்கக்கூடிய பொருள்.

கூட்டாட்சி நாட்டில் இதைச் செய்ய முடியுமா என்று ஐயப்படுவோர் ஜெர்மனியைப் பார்க்கலாம். 2022 ஜூன் முதல் மூன்று மாதங்களுக்கு, மாதம் 9 யூரோவுக்கு நாடெங்கும் உள்ளூர் ரயிலிலும் பேருந்திலும் போகலாம் என்றார்கள். ஐந்து கோடிக்கு மேல் சீட்டுகள் விற்றன. 2023 மே முதல் 49 யூரோவுக்கு நிலையான மாதச் சீட்டு வந்தது; 2025இல் 58 ஆனது. இதனால் வரும் இழப்பை நடுவண் அரசு ஆண்டுக்கு 150 கோடி யூரோ, மாநிலங்கள் 150 கோடி யூரோ என்று பாதிப் பாதியாக ஏற்றன. பங்கு பற்றி அங்கேயும் ஓயாத சண்டை நடக்கிறது, விலை ஏறிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் சண்டை நாடாளுமன்றத்தில், எண்களை வைத்து, எல்லோரும் கேட்க நடக்கிறது. பேருந்தும் அங்கே தேசியக் கேள்வி ஆகியிருக்கிறது.

இங்கே ஒன்றிய அரசு செய்யக்கூடியவை மலையைப் புரட்டும் வேலைகள் அல்ல. பொதுப் பேருந்தின் டீசலுக்குத் தன் தீர்வையைத் திருப்பித் தரலாம். மெட்ரோவுக்குத் தருவது போல மாநிலக் கழகங்களின் புதுப் பேருந்துகளுக்கு மூலதனத்தில் பங்கு தரலாம். ஓடும் கிலோமீட்டருக்கு ஒரு தொகையை நிதிக்குழுவின் வழியாக எல்லா மாநிலங்களுக்கும் ஒரே விதியில் தரலாம். ரயில் பயணிகளின் மானியத்தைச் சரக்கின் தலையிலிருந்து இறக்கிக் கருவூலத்தின் கணக்கில், வகுப்பு வாரியாக, நாடாளுமன்றம் வாக்களிக்கும் தலைப்பாக எழுதலாம். யாருக்குத் தருகிறோம் என்பது அப்போது வெளிச்சத்துக்கு வரும், குளிர்சாதன வகுப்புக்குத் தருவதா புறநகர் ரயிலுக்குத் தருவதா என்று மக்கள் பிரதிநிதிகள் தீர்மானிக்கலாம்.

மாணவ நண்பர்களே, ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 1 அன்று ஒன்றிய வரவு செலவுத் திட்டம் வருகிறது. வருமான வரி வரம்பைப் பற்றியே அன்று முழுதும் பேசுகிறோம். அடுத்த முறை நெடுஞ்சாலைக்கு எவ்வளவு, விமானத்துக்கு எவ்வளவு, மெட்ரோவுக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டு, பேருந்துக்கு எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் போய்க் காரணம் கேளுங்கள். எந்தக் கட்சிக்காரரானாலும் கேளுங்கள்.